டிராக்டருக்கு டெஸ்ஸி வைத்த சட்டம்

டெஸ்ஸி குட்டி,

நீயும் அத்தையும் சுகமா? நார்த் டகோட்டாவில் குளிர் கூடிவிட்டது, மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

உன் இன்ஜினியரிங் கல்லூரி விண்ணப்பத்தை நினைத்தால் தூக்கமே வரவில்லை. நேற்று நான் சமைக்கும் எண்ணெய் வயல் முகாமில் இன்ஜினியர் லோர்னாவுக்குச் சாப்பாடு போடும்போது கேட்டே விட்டேன்.

"ஒம்பது பேர் படிக்கிற வகுப்பும்மா. இயற்பியலே கிடையாது. எம்பொண்ண எடுப்பாங்களா?"

"இல்லாத பாடத்த எப்படிப் படிப்பா? அத டீச்சரயே எழுதித் தரச் சொல்லுங்க. கையால என்ன செஞ்சிருக்கா?"

அப்பாவோடு கவிழ்ந்த டிராக்டர் இனி யாரையும் நசுக்காதபடி நீ இருக்கைக்கு மேல் இரும்புச் சட்டம் பற்றவைத்ததைச் சொன்னேன். கல்மூட்டையைப் போட்டுப் பார்த்தபோது முதல் சட்டம் வளைந்துபோனதையும் உளறிவிட்டேன்.

"ஐயோ, அதத்தான் மொதல்ல எழுதணும்க்கா! ஏன் வளைஞ்சுது, எப்படி மாத்துனான்னு. எங்க பொழப்பே அதுதான். இன்னொரு கரண்டி கெழங்கு போடுங்க, யோசனை சொன்னதுக்கு!"

அப்பாவின் சாவைச் சொல்லி இடம் கேட்க மாட்டேன் என்றாயே, சரிதான். சட்டத்தைப் பற்றி மட்டும் எழுது. கடைசி நாளைத் தவறவிடாதே.

அப்பாவின் கம்பளிச் சட்டை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

அடுப்பில் வேலை கிடக்கிறது. ஒன்று கேட்கிறேன், இதை விண்ணப்பத்தில் எழுதிவிடாதே. அந்தச் சட்டம் அன்றைக்கே இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா, குட்டி?