ஒட்டியிருந்த பக்கம்

தம்பிக்கு,

நம் வட்டாரக் குடும்பங்களைப் பற்றி நான் எழுதிய வரலாற்று நூல் நாளை அச்சுக்குப் போகிறது. "அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுடுக்கா, மானம் போயிடும்" என்று போனில் கெஞ்சினாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

பழைய பிறப்புப் பதிவேட்டில் இரண்டு பக்கங்களை யாரோ பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஈரத்துணி வைத்து அரைநாள் உட்கார்ந்து பிரித்தேன். பெண் குழந்தை. தாய் என்ற இடத்தில் அம்மாவின் கோணல் கையெழுத்து. தகப்பன் என்ற இடத்தில் வெறும் கோடு.

அந்தப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் உன் அப்பா. அவர்தான் ஒட்டியிருப்பார். பாவம், நல்ல மனுஷர். தோளில் தூக்கி வளர்த்தவர்.

எத்தனையோ வீட்டார் வந்து கெஞ்சியும் ஒரு வரியைக்கூட நான் எடுத்ததில்லை. நீ மட்டும் என்ன கொம்பனா? அம்மா துணிந்து போட்ட கையெழுத்தை மறைக்க மாட்டேன், போடா.

இப்படிக்கு,
அந்தப் பெண் குழந்தை