குளக்கரைப் பலகை

1974, ஆவணி 10, திங்கள்.

குளத்தங்கரையில் நட்ட பலகையில் எழுதும் வேலையை நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் முதியோர் வகுப்பில் எனக்குக் கொடுத்தார்கள். "சாயத் தண்ணீரைக் குளத்தில் ஊற்றாதீர்கள். நம் கிணறும் கெடும்." இரண்டு வரியும் கோணாமல் வந்தன. அந்த மகிழ்ச்சியில் இன்று காலையும் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பட்டுக்குச் சாயம் காய்ச்சிய அண்டாவோடு சம்பந்தி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"என்னா சம்பந்தி எழுதியிருக்குது?"

மகள் அவர் வீட்டில் ஏழு மாதக் கர்ப்பம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர் அவர்தான். பொய் சொல்லியிருக்கலாம். விரல் வைக்காமல் முழுவதும் படித்துவிட்டேன்.

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

"அப்போ எங்க ஊத்தறதுன்னும் எழுத வேண்டியதுதானே? அத இஸ்கூல்ல சொல்லித்தரலியா?"

அவர் அண்டாவைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார்.

"நீங்களே ஊத்திக்குங்க. பொண்ண அனுப்பறத அப்புறம் பாத்துக்கலாம்."

போய்விட்டார். சிவப்புத் தண்ணீர் இன்னும் வாசலில்தான் இருக்கிறது. நாளை அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தண்ணீரை எங்கே கொட்டினேன் என்று கேட்பார். அதற்குப் பதில் இல்லாமல் மகளை அனுப்பச் சொல்லி எப்படிக் கேட்பது?