எனக்கு மட்டும் பூச்சில்லாத கண்ணாடி

சால்தோ, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லிலியானுக்கு,

அந்த ஸ்வீடன் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் இருமல் காய்ச்சல் அண்டாதிருக்க மாதாவை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், ஆரஞ்சு மரம் நன்றாகக் காய்த்திருக்கிறது. புது மூக்குக்கண்ணாடிக்கு என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் போட்டுக்கொள் என்று போனில் சொன்னாய். உன் சுல்மா அத்தை அப்படித்தான் செய்திருக்கிறாள். மெல்லிய லென்ஸ், வெயிலில் கறுப்பது, நீல ஒளியைத் தடுப்பது, விளக்கு எதிரொளிக்காத பூச்சு, ஒன்றையும் விடவில்லை. கம்ப்யூட்டரையே தொட்டறியாதவளுக்கு நீல ஒளி எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பொறாமை என்பாள். போன வியாழக்கிழமை அவள் அதைப் போட்டுக்கொண்டு வர, நாங்கள் கனாஸ்தா சீட்டு ஆட உட்கார்ந்தோம். எப்போதும் போல அவளும் பங்குச் சாமியாரும் ஒரு ஜோடி, நானும் மருந்துக்கடை வைத்திருந்த தோன் அபெலார்தோவும் ஒரு ஜோடி. அவர் சீட்டைக் கலைப்பதை நிறுத்திவிட்டு, "அட சுல்மா, ஒனக்குப் பச்சைக் கண்ணா! இத்தனை வருசமா எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். அவளை நீ என்பார், என்னைத்தான் வாங்க போங்க. என் கண் என்ன நிறம் என்று அந்த மேசையில் யாரும் கேட்டதில்லை.

மறுநாளே கண்ணாடிக் கடைக்குப் போய், சுல்மாவுக்குப் போட்டதெல்லாம் எனக்கும் வேண்டும், அதற்கு மேல் ஒன்று இருந்தால் அதுவும் வேண்டும் என்றேன். கடைக்காரப் பெண், "ஒங்க பவர் கம்மிங்க, மெல்லிசு போட்டாலும் வித்தியாசம் தெரியாது. வெயில்ல கறுக்கறது கோயிலுக்குள்ள போனதும் ஒடனே வெளுக்காது, தடுமாறுவீங்க. எதிரொளிக்காத பூச்சு மட்டும் போடுங்க, எதிர்ல இருக்கறவங்களுக்கு ஒங்க கண்ணு பளிச்சுன்னு தெரியும், அதுக்குக் காசு குடுக்கலாம்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் சுல்மாவுக்கு நான்கு, எனக்கு ஒன்றா? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து இதைத் தோன் அபெலார்தோவிடம் சொன்னதும் மனிதர் பதறிப்போனார். "ஐயோ எல்விராம்மா, அந்தப் பூச்சு மட்டும் வேணவே வேணாங்க! ஒங்க கையில இருக்கற சீட்டெல்லாம் எனக்கு நீங்க இப்பப் போட்டிருக்கற கண்ணாடியிலதானே தெரியுது! அது போச்சுன்னா சுல்மா நம்மள ஊதித் தள்ளிருவா" என்று சிரித்தார். கன்னியர் மடத்தில் படித்தவள் நான், ஏமாற்றி ஜெயித்த ஆட்டம் எனக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அது உண்மைதான். ஆனாலும் நான் கோபப்பட்டது அதற்காக இல்லை, லிலியான். எதிரே உட்கார்ந்து இத்தனை வருடமும் அவர் என்னைப் பார்க்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

நேற்று அந்த ஒரு பூச்சுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டேன். வியாழக்கிழமைக்குள் வந்துவிடும். ஆட்டம் போனால் போகட்டும், இனி அவர் நிமிர்ந்தால் என் கண்ணைத்தான் பார்த்தாக வேண்டும்.

பல் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அத்தைக்கு எழுதினால் இதில் ஒரு வரிகூட அவள் காதுக்குப் போகக் கூடாது.

உன் அம்மா,
எல்விரா