கரண்டு போனா போனும் போச்சு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
18.8.2024

அன்பு மகள் கார்குழலிக்கு,

அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைங்களும் நோய்நொடி இல்லாம இருக்கணும். போன்ல பேசுறவ எதுக்குக் கடுதாசி போடுறான்னு பதறிடாதே. பதற வேண்டிய சேதிதான், ஆனா நிதானமா படி.

நீ சொன்னபடி பழைய லேண்ட்லைனை எடுத்துட்டாங்க. உங்கப்பா மில்லுல வேலையா இருந்தப்ப வச்ச போனு. ஒயரைச் சுருட்டிக்கிட்டு, கூடத்துச் சுவத்துல சின்னதா ஒரு பெட்டியை மாட்டிட்டுப் போனாங்க. இனிமே இன்டர்நெட்டு வழியாத்தான் போனாம். நம்பர் அதேதான். உன் குரல் பக்கத்து ரூம்லேருந்து வர்ற மாதிரி கேக்குது, அதுல கொறை சொல்ல ஒண்ணுமில்ல. கரண்டு போனா மட்டும் பொணமாட்டம் கெடக்கு. பழசு எந்தப் புயல்லயும் ங்ஙொய்னு உயிரோட இருக்கும்.

என் கொறை வேற. இந்தப் போனை உன் தம்பி தமிழ்மாறன் அவன் செல்லுல சேத்து வச்சிருக்கான். நீ அடிச்சா மொதல்ல அவன் கையில அடிக்குது. நான் யாருக்கு அடிச்சாலும் அவனுக்குத் தெரிஞ்சுடுது. போன வாரம் தவளக்குப்பத்துக்கு அடிச்சு அவன் பொண்டாட்டி நிர்மலாதேவிகிட்ட பேசினேன். அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனது உனக்குத் தெரியும். ஏன் போனான்னு தெரியாது. அவ தலையைச் சுவத்துல மோதி முன்பல்லை ஒடச்சான் உன் தம்பி.

நான் போனை வைக்கல, வாசல்ல அவன் வண்டி சத்தம். "அவகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னே?"ன்னு கேட்டுக்கிட்டே கன்னத்துல அறைஞ்சான். கம்மல் தெறிச்சு விழுந்துச்சு. பெத்தவளைக் கை நீட்டிட்டோமேன்னு அழுவான்னு நெனச்சேன். கதவைச் சாத்திட்டு வந்து மறுபடி அடிச்சான்.

வீட்டை அவன் பேருக்கு எழுதிக் குடுக்கணுமாம். மனை புரோக்கர் வேலையில யாரையோ புடிச்சிருக்கான். டூரிஸ்ட்டுங்களுக்கு ரூம் கட்ட நம்ம பேட்டை வரைக்கும் எடம் தேடுறாங்க. வீட்டை வித்துட்டா நான் எங்கடா இருக்கறதுன்னு கேட்டேன். "சுடுகாட்டுல எடம் இருக்கு"ன்னான்.

வெளிய போவும்போது கிரில் கேட்டைப் பூட்டிட்டுப் போறான். எதுத்தாப்புல தையல் கடை வச்சிருக்கிற பதுருன்னிசாகிட்ட கிரில் கம்பி வழியா இதைக் குடுக்கறேன். அவ செல்லையே தரேன்னா. தெருவுல நாலு பேரு பாக்க, பெத்த புள்ள அடிக்கிறான்னு பேச எனக்கு வாய் வரல. மில்லு ஸ்ட்ரைக்கப்ப வாசல்ல போலீஸ் தடியடிக்கு ஓடாம நின்னவ நான். இதுக்கு நிக்க முடியல.

போன்ல எதையும் கேக்காதே. பதுருன்னிசா கடை விலாசத்துக்கு எழுது.

உன் அம்மா,
ஆயம்மா


சார்செல், பிரான்ஸ்
9.9.2024

என் உயிரான அம்மாவுக்கு,

ஸ்கூல் கேன்டீன்ல வேலை முடிஞ்சு பஸ்ல வரும்போது உன் கடுதாசியைப் படிச்சேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போயிட்டேன்.

கோவிச்சுக்காதேம்மா, மனசுல இருக்கறதைக் கேட்டுடறேன். தமிழ் கொஞ்ச நாளாவே சொல்லிக்கிட்டிருக்கான். "அம்மாவுக்கு மறதி அதிகமாயிடுச்சுக்கா. கேஸைத் திறந்துவிட்டுட்டுப் போயிடுறாங்க. தெருவுல என்னைப் பத்தி இல்லாததெல்லாம் சொல்றாங்க"ன்னு. கேட்டைப் பூட்டறதே நீ ரோட்டுல இறங்கிப் போயிடக் கூடாதுன்னுதானாம். சொல்லும்போதே அழறாம்மா. அந்த அழுகையைக் கேட்ட காதோட உன் எழுத்தைப் படிச்சா எனக்குத் தலை சுத்துது. நிர்மலாவும் வண்டியிலேருந்து விழுந்துதான் பல்லு போச்சுன்னு என்கிட்ட அவ வாயாலேயே சொன்னா.

நீ தனியா இருக்கியே, நெனச்ச நேரத்துக்கு உன்கூடப் பேசணுமேன்னுதான் இந்தப் போனைப் போடச் சொன்னேன். அது உனக்கே வெனையா வந்துச்சுன்னா நான் எப்படித் தாங்குவேன்?

அவன்கிட்ட பக்குவமா ஒரு வார்த்தை கேக்கறேன். நீ எழுதினதா சொல்ல மாட்டேன். மாத்திரையை விடாம போட்டுக்கோ.

உன் செல்ல மகள்,
கார்குழலி


முத்தியால்பேட்டை
14.10.2024

கார்குழலிக்கு,

இடது கையால எழுதுறேன். எழுத்து கோணிக்கிட்டு வந்தா பொறுத்துக்கோ.

நீ பக்குவமா கேட்டுட்டே. "அம்மாவை அடிக்கிறியாமே?"ன்னு கேட்டியாம். இதுல பக்குவம் எங்கடி இருக்கு?

போனை வச்சுட்டு நேரா சமையக்கட்டுக்கு வந்தான். சத்தம் போடல. என் வலது கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி ரூம் கதவு இடுக்குல வச்சான். "இந்தக் கைதானே எழுதுச்சு?"ன்னான். ஒதைச்சுச் சாத்தினான். எலும்பு நொறுங்குன சத்தம் மொதல்ல கேட்டுச்சு, வலி அப்புறந்தான் வந்துச்சு. விரலெல்லாம் கத்திரிக்கா மாதிரி வீங்கிப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிக்கிட்டுப் போயி, கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொன்னான். அதுல பொய்யும் இல்ல பாரு.

அன்னிக்குச் சாயந்தரம் நீ அடிச்சே. என்னை நாற்காலியில உக்கார வச்சு, ரிசீவரை என் காதுல அழுத்திக்கிட்டு, இன்னொரு கையால என் கழுத்தைப் புடிச்சிருந்தான். "குரல் ஏம்மா நடுங்குது?"ன்னு கேட்டே. சளின்னேன். வெந்நீர் குடின்னு சொல்லி வச்சுட்டே.

எனக்கு மறதி இல்ல. அடிச்ச அடி ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. நெசமா பொய்யான்னு இன்னும் யோசிக்கிறதுன்னா யோசி. எனக்கு இன்னொரு கை இருக்கு.

அம்மா


சார்செல்
4.11.2024

அம்மா, அம்மா,

அந்தக் கதவை நான்தாம்மா சாத்தினேன். வெந்நீர் குடின்னு சொன்ன வாய் இன்னும் எரியுது.

நிர்மலாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதல்ல அந்த வண்டிக் கதையையே சொன்னா. உன் கையைப் பத்திச் சொன்னதும் உடைஞ்சுட்டா. "பல்லைப் பத்தி உண்மையைச் சொன்னா பிள்ளையைக் கடல்ல போட்டுடுவேன்னு மெரட்டினார் அண்ணி"ன்னு சொல்லி அழுதா.

போலீசுக்குச் சொல்லிடலாம்மா. நான் இங்கேருந்து சொன்னா, அவங்க வந்து போனதும் உன்னை என்ன செய்வானோன்னு பயமா இருக்கு. அவன் வெளியே போனதும் அந்தப் போன்லயே 112 அடி. வீட்டு விலாசத்தை மட்டும் சொல்லு, போதும். அவன் செல்லுல தெரிஞ்சாலும் பரவாயில்ல, அவங்க வர்ற வரைக்கும் கதவை உள்பக்கம் பூட்டிக்கோ.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டுட்டேன். அதுவரைக்கும் அவன் என்ன கேட்டாலும் எதிர்த்துப் பேசாதே. உயிரோட இரும்மா.

கார்குழலி


தவளக்குப்பம்
6.12.2024

அன்பு மகளுக்கு,

உயிரோட இருக்கேன். நிர்மலாதேவி வீட்டுலேருந்து எழுதுறேன்.

புயல் சனிக்கிழமை கரையேறிச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தெருவுல முட்டிக்கு மேல தண்ணி. கரண்டு இல்ல. வெளிய போவ வழியில்லாம அவன் காலையிலேருந்து குடிச்சுக்கிட்டு வீட்டுலயே கெடந்தான். அப்புறம் பத்திரத்தைக் கொண்டாந்து என் முன்னால போட்டான். கையெழுத்து போட முடியலன்னா கைநாட்டு வையின்னான். நான் எழுத்து தெரிஞ்சவ, கைநாட்டு வைக்க மாட்டேன்னேன்.

மயித்தைப் புடிச்சுத் தரையில இழுத்தான். வயித்துல ஒதைச்சான். எப்படியோ எழுந்து போனை எடுத்து நீ சொன்ன நம்பரை அடிச்சேன். சத்தமே இல்ல. பெட்டியில லைட்டும் இல்ல. அவன் சிரிச்சான் கார்குழலி. "கூப்புடு, பிரான்ஸைக் கூப்புடு"ன்னு சொல்லிக்கிட்டே போன் ஒயரை என் கழுத்துல சுத்தி இறுக்கினான். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒயரு பிச்சுக்கிச்சு, அதனால பொழைச்சேன்.

சமையக்கட்டுக்குத் தவழ்ந்து போனேன். கேஸ் அடுப்புல கஞ்சி கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. பின்னாலேயே வந்தான். இடது கையால குண்டானைத் தூக்கி அவன் மூஞ்சியில ஊத்தினேன். கை தவறி ஊத்தல. ஊத்தணும்னு ஊத்தினேன்.

அவன் போட்ட சத்தம் காதை விட்டுப் போவல.

தெருத் தண்ணியில விழுந்து எழுந்து ஓடினேன். கடப்பாரையோட வந்தான். பதுருன்னிசா என்னைக் கடைக்குள்ள இழுத்துக்கிட்டா. அவ வீட்டுக்காரர் உசேன் பாய் குறுக்க நின்னு, "தம்பி, வேணாம்பா, உங்கம்மா"ன்னாரு. கடப்பாரை அவரு தோள்ல விழுந்துச்சு. தண்ணியெல்லாம் சிவப்பாச்சு. அப்பத்தான் தெரு சனம் எறங்குச்சு. அவனைப் புடிச்சு அடிச்சாங்க, மூக்குலயும் வாயிலயும் ரத்தம் கொட்ட அடிச்சாங்க. கடை ஷட்டர்ல கட்டிப்போட்டாங்க. "அம்மா, விடச் சொல்லும்மா"ன்னு என்னைப் பாத்துக் கத்தினான். நான் தடுக்கல.

போலீஸ் தண்ணியில நடந்தே வந்தாங்க. எல்லாத்தையும் சொன்னேன். புகார்ல இடது கையால கையெழுத்து போட்டேன். நிர்மலாவும் அவ பங்குக்குத் தனியா எழுதிக் குடுத்தா.

அம்மா


சார்செல்
27.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நிர்மலா செல்லுக்கு நான் கூப்பிட்டா "நல்லா இருக்கேன்"னு ஒரே வார்த்தையோட அவகிட்ட குடுத்துடுறே. அதனால எழுதுறேன்.

தமிழோட வக்கீல் என்கிட்ட பேசினார். அவன் முகம் பாதி வெந்து போச்சாம். ஒரு கண்ணு தெரியறது கஷ்டமாம். காலாப்பட்டு ஜெயில்ல அவனைப் பாக்க ஒருத்தரும் போகல. நீ ஊத்தினதையும் அவங்க கோர்ட்டுல எடுப்பாங்களாம். சமாதானமாப் போறோம்னு நீ எழுதிக் குடுத்தா அவன் சீக்கிரமா வெளியே வந்துடுவானாம். பொங்கல் டிக்கெட்டை மாத்திட்டேன். இந்தக் கேஸ் ஓடிக்கிட்டிருக்கும்போது ஊருக்கு வந்து எல்லார் முகத்துலயும் எப்படி முழிக்கறதுன்னு உன் மாப்பிள்ளை கேக்கறார்.

அவன் செஞ்சது மகாபாவம்மா. இல்லேங்கல. ஆனா அவன் நம்ம ரத்தம். நான் இடுப்புல தூக்கி வச்சு வளத்த பிள்ளை. வாபஸ் வாங்கிடேன், எனக்காக.

நீ எந்த வீட்டுல இருந்தாலும் அங்கே வேற போன் போட்டுத் தரேன். பேட்டரி வச்சது இருக்காம். கரண்டு போனாலும் வேலை செய்யுமாம்.

உன் மகள்,
கார்குழலி


தவளக்குப்பம்
16.1.2025

கார்குழலிக்கு,

மாட்டுப் பொங்கலுக்கு உசேன் பாயைப் பாத்துட்டு வந்தேன். கை தோளுக்கு மேல எழும்பல. கத்திரி புடிக்க முடியல. பதுருன்னிசாதான் துணி வெட்டுறா. என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, டீ போட்டுக் குடுத்தா. அவங்ககிட்டப் போயி, அவன் என் ரத்தம், விட்டுடுங்கன்னு சொல்லட்டுமா? அவரு சிந்துனது யாரு ரத்தம்?

கஞ்சி ஊத்தினதை நான் கோர்ட்டுல மறைக்கப் போறதில்ல. கேட்டா ஊத்தினேன்னு சொல்லுவேன். அதுக்கு எனக்கு என்ன தண்டனையோ அதைக் குடுக்கட்டும். கண்ணை மூடினா அந்த வெந்த மூஞ்சிதான் வருது. பெத்தவளுக்கு வலிக்காதுன்னா நெனைக்கிறே? அது வர்ற நாள் பூரா சோறு எறங்க மாட்டேங்குது. ஆனா வலிக்குதேன்னு அவனை வெளிய விட்டா, அடுத்த பொணம் நிர்மலாவா இருக்கும். இல்லன்னா என் பேத்தி.

வீட்டை விக்க மாட்டேன். தண்ணி பூந்த செவுரு காஞ்சதும் நான், நிர்மலா, பேத்தி மூணு பேரும் அங்க திரும்பிப் போறோம். இன்டர்நெட்டு போனை நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். பேட்டரி வச்சதும் வேணாம். கரண்டு இருந்த நாள்லதான் என் கழுத்துல அவன் கையிருந்துச்சு. சளின்னேன், நீ நம்பினே.

ஜாமீன் கேட்டு மனு போட்டிருக்கான். அடுத்த மாசம் வருது. குடுக்கக் கூடாதுன்னு நான் நேர்ல போயிச் சொல்லப்போறேன்.

நீ எப்ப வேணா வா. எனக்காக வர்றதுன்னா நேரா வீட்டுக்கு வா, உனக்குப் புடிச்ச வஞ்சிரம் வாங்கிக் கொழம்பு வைக்கறேன். அவனுக்காக வர்றதுன்னா கோர்ட்டுக்குப் போ. அங்கயே ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலாம்.

ஆயம்மா