முத்திரைக்குப் பின்புறம்

கல்முனை,
18.02.2024

அன்பு மகள் இன்ஷிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் நீங்களும் நிப்றாஸும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். மாமியின் முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. மாவடிப்பள்ளியில் வேளாண்மை வெட்டு முடிந்தது. குறுக்கே இரண்டு மழை வந்ததால் நெல்லின் நிறம் மங்கல்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் தொடங்கினால் நடுவில் பயந்து மறுபடியும் மழைக் கதைக்கே போய்விடுவேன். நிக்காஹ் அன்று என் மகன் உங்களுக்கு மஹராகக் கொடுத்த வெள்ளிக்காசு போலி. சனிக்கிழமை அதை விற்கப் போக வேண்டாம்.

கரீபியன் தீவுகளில் சில்லறைத் தட்டுப்பாடு வந்த காலத்தில், ஸ்பானிய வெள்ளிக்காசின் மேல் அந்தந்தத் தீவின் முத்திரையைச் சுத்தியலால் அடித்துப் புழங்கவிட்டார்கள். அப்படியொன்று என்று நம்பித்தான் கொழும்பில் வாங்கினேன். மஹருக்கு என்ன கொடுப்பது என்று நிப்றாஸ் கேட்டபோது அதை எடுத்து நீட்டியவன் நான். அசல் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தவனும் நான்.

முன்பக்கத்துக்கு ஒரு தாள், பின்பக்கத்துக்கு ஒரு தாள் என்று குறிப்பெழுதுவது என் வழக்கம். எடை சரி, விட்டம் சரி, எழுத்தும் சரி. இரண்டு தாளையும் ஒன்றாக வைத்து நான் பார்த்ததே இல்லை. படிப்புக் கட்டணத்துக்காக விற்கப் போவதாகச் சொல்லி நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோதுதான் கண்டேன். நடுவில் முத்திரை ஆழமாக இருக்கிறது. அதற்கு நேர் பின்னால் அரசனின் காது மழுங்காமல் அப்படியே இருக்கிறது.

எனக்கு என் மேலேயே சந்தேகம். நகை செய்யும் ஜதுசனிடம் போனேன். அவர் பின்புறம் உருவம் பதித்த வெள்ளி வில்லைகளில் ஆறு முறை முத்திரை அடித்துக் காட்டினார். ஆறு முறையும் பின்புறம் தட்டையானது. இன்னொரு முறை அடிக்கச் சொன்னேன். “சேர், ஏழாவதுக்கு வெள்ளிக்கு மனசு மாறுமா?” என்று சிரித்தார். உங்களிடம் இருப்பது முத்திரையோடு சேர்த்தே வார்த்து எடுத்தது.

நிப்றாஸிடம் தொலைபேசியில் சொன்னேன். “வாப்பா, வாங்குறவனுக்கே தெரியாது. நீங்க ஏன் கிளறுறீங்க? உங்கட தாள் இரிக்கித்தானே” என்றான். அவன் சத்தம் கூட்டிக் கதைத்தால் எனக்கு ஓம் என்றுதான் வாயில் வரும். அப்படியே சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த மாமி, “ஓம் எண்டிட்டீங்க. இனி என்ன செய்யப் போறீங்க?” என்றார். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். விற்பவர் நீங்கள், நாளை பிடிபட்டால் தலைகுனிந்து நிற்கப் போவதும் நீங்கள். மஹர் உங்கள் உரிமை. உங்களுக்குத் தெரியாமல் அதில் எதுவும் நடக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு றிஸ்மி வியாழக்கிழமை அங்கே திரும்புகிறார். இந்தக் கடிதத்தோடு, அந்தப் போலிக்குப் பதிலாக ஒரு சிறு பையும் தருவார். அதில் இருப்பது, கப்பலில் சமையல்காரராக இருந்த என் தாய்மாமா கொண்டுவந்த அதே வகைக் காசின் துண்டு. முழுக்காசை நாலாக வெட்டிய கால் பங்கு, முத்திரையும் அரைவாசி தேய்ந்தது. பார்க்க அழகில்லை என்று நிக்காஹ் சபையில் வைக்க வெட்கப்பட்டேன். பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், தட்டையாக இருக்கும். இருந்தாலும் என் சொல்லை நம்ப வேண்டாம். விற்பதானால் விஷயம் தெரிந்த ஒருவரிடம் சோதித்துவிட்டு விற்றுவிடுங்கள். போதாவிட்டால் எழுதுங்கள், மிச்சத்துக்கு நான் பொறுப்பு. மரியாதைக்காகப் பரவாயில்லை மாமா என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

என் கையெழுத்துள்ள தாளைக் கிழிக்காமல் திருப்பி அனுப்புங்கள். அதன் பின்பக்கத்தில் இது போலி என்று எழுதி, திகதியிட்டு, மறுபடி கையெழுத்து வைக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை நிப்றாஸுக்குக் காட்டுவது உங்கள் விருப்பம். அவன் கேட்டால், வாப்பா ஓம் என்றது பயத்தில், எழுதியது யோசித்து என்று சொல்லுங்கள். அவன் கெட்டவன் இல்லை மகள், பொறுமையாகக் கதையுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் மறைக்க ஒன்றும் இல்லாமல் அல்லாஹ் காக்கட்டும்.

துஆவுடன்,
உங்கள் மாமா
கச்சிமுகம்மது