எங்கள் வீட்டுத் தரை

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா இனி எழுந்து நடக்க மாட்டாள். நேற்று வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரம்மா உறுதியாகச் சொன்னது இது. அக்கம்பக்கத்தார் சொல்வதையெல்லாம் எழுதவில்லை. அம்மா உன்னைத்தான் கேட்கிறாள். ஒரு வாரம் வந்துவிட்டுப் போயேன்.

'படுத்திருக்கிற அம்மாவின் படம் வேண்டாம், பார்க்கத் தாங்காது. வீட்டை மிகக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு, எந்த இடமென்று கண்டுபிடிக்கிறேன்' என்று எழுதியிருந்தாய். நீ விட்டுப்போன மேக்ரோ லென்ஸில் ஒன்று எடுத்து இணைத்திருக்கிறேன். நீ சொன்னபடி கறுப்பு வெள்ளைதான். சொல், பார்க்கலாம்.

அன்புடன்,
தங்கை

மார்ச் 9

என் அருமைக் குட்டிக்கு,

என்கிட்டயேவா? வாசற்படிக்குக் கீழே வெடித்துக் கிடக்கும் சிமென்ட் தரை! நடுவில் ஓடுகிற அந்த ஆழமான வெடிப்பில்தான் சின்ன வயதில் என் கோலிக்குண்டு போனது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. வெளிச்சம் மட்டும் இன்னும் பக்கவாட்டில் விழட்டும்.

லீவு குதிரைக்கொம்பு. அம்மாவை விசாரித்ததாகச் சொல். இன்னும் அனுப்பு.

பாசமுள்ள அண்ணா

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

சரியாகச் சொல்லிவிட்டாய், கெட்டிக்காரன்தான்.

அம்மாவுக்கு முதுகில் படுக்கைப்புண் வந்துவிட்டது. கட்டு மாற்றும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாள். "அவன் வர்றானாடி?" என்றாள். "லீவு கேட்டிருக்கான்மா" என்றேன்.

இன்னொரு படம் இத்துடன். வெளிச்சம் பக்கவாட்டில்தான்.

தங்கை

மார்ச் 21

குட்டிக்கு,

இது குளியலறைச் சுவர். ஈரம் ஊறி, பெயின்ட் வட்டமாக உரிந்திருக்கிறது.

நல்ல சேதி கேள். இரண்டு படமும் இங்கே ஒரு கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டன. ஆள் உயரத்துக்குப் பெரிதாக்குகிறார்கள். 'எங்கள் வீட்டுத் தரை', 'எங்கள் வீட்டுச் சுவர்' என்று தலைப்பு. என் பெயரில்தான் கொடுத்தேன். பட்டனை அழுத்தியது நீ என்றாலும் பார்வை நான் கொடுத்ததுதானே? கோபித்துக்கொள்ளாதே. ஏப்ரல் 4, சனிக்கிழமை திறப்பு. அதனால் இப்போதைக்கு வர முடியாது.

அண்ணா

மார்ச் 26

அண்ணாவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. ஒரு திருத்தம் உண்டு.

அது தரை இல்லை, அம்மாவின் குதிகால். அடுத்தது சுவர் இல்லை, அவள் முதுகு. நீ சொன்னது தவறு என்று தெரிந்தேதான் 'சரி' என்று எழுதினேன்.

குதிகாலை எடுத்தபோது கேட்டாள்: "ஏண்டி, காலைப் போய் எடுக்கிற? மூஞ்சிய எடுடி, அவன் பாக்கட்டும்." நீ கேட்டது மூஞ்சி இல்லையே. எடுக்கவில்லை.

தங்கை

மார்ச் 30

குட்டிக்கு,

இரண்டு முறை படித்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் தலைப்பெல்லாம் அச்சாகிவிட்டது. இது நமக்குள் இருக்கட்டும். பெரிதாக்கியதில் தரைப்படம் ஓரத்தில் மங்குகிறதாம். முடிந்தால் இன்னொரு முறை எடுத்து அனுப்பு. அதே கோணம்.

அண்ணா

ஏப்ரல் 1

அண்ணாவுக்கு,

எடுத்து இணைத்திருக்கிறேன். கால் வீங்கியதில் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது, புதிதாகப் பூசிய தரை மாதிரி இருக்கிறது. கோலிக்குண்டு விழ இடமில்லை.

இந்த முறை அம்மா எதுவும் கேட்கவில்லை. நேற்று முதல் பேச்சு இல்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமையைத் தாண்டாது என்று டாக்டரம்மா இன்று காலை சொன்னார். உன் திறப்புக்கு இடைஞ்சலாக இருக்காது.

தங்கை