குணமடைந்தவர் ஜெபக்கனி

மார்ச் 3, காலை 8.00
நிலாக் குடியிருப்பு அரசு மருத்துவமனை. பணியில்: தலைமை நர்ஸ் ஜெபக்கனி. யார் இந்தப் பதிவைத் திறந்தாலும் தெரிந்துகொள்ளட்டும்: பூமியில் சுகாதாரத் துறை போட்ட சீர்திருத்தம் இன்று தொடங்கியது. கட்டிலுக்குக் கட்டில் ஆக்சிஜனை இனி துறையின் கணினியே திறக்கும், மூடும். மூன்று நாள் ஆனால் நோயாளி 'குணமடைந்தார்', வால்வு மூடிக்கொள்ளும். கையால் திருகும் பிடிகளையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நுரையீரலில் நிலாத்தூசி படிந்தவருக்கு ஒரு மாதம் வேண்டும் என்று சொன்னோம். காதிலேயே வாங்கவில்லை.

மார்ச் 6, மதியம் 1.00
எங்கள் ஆக்சிஜன் மெக்கானிக் மாசிலாமணி வெளியே குழாய் பார்க்கப் போய்த் தூசியோடு வந்து படுத்திருக்கிறார். இன்று அவர் 'குணமடைய' வேண்டிய நாள். டிஸ்சார்ஜ் போட்டு, பக்கத்துக் கட்டிலில் வேறு பெயரில் சேர்த்துவிட்டேன். டாக்டர் முகைதீன் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். பூமியில் எங்கள் ஊர் வார்டுகளில் செய்யாத வேலையா? மற்ற நோயாளிகளுக்கும் இதுதான் வழி.

மாசிலாமணி இளைப்போடு சொன்னார்: "சிஸ்டர், அடுத்த தடவையாவது நல்ல பேரா வைங்க."

மார்ச் 15, காலை 9.20
துறையின் செய்தி: "உங்கள் நோயாளிகள் அனைவரும் மூன்றே நாளில் குணமாகிறார்கள். பாராட்டுகள். இனி ஒரு நாள் போதும். டாக்டர் வேறு குடியிருப்புக்கு மாற்றப்படுகிறார்."

தலையில் அடித்துக்கொண்டேன். நாங்கள் சொன்ன பொய்யே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. மற்ற நோயாளிகளையும் டாக்டரோடு ஏற்றி அனுப்பினோம். மாசிலாமணியை அசைக்க முடியாது. அவரும் நானும்தான் மிச்சம்.

மார்ச் 19, காலை 7.00
ஒருமுறை குணமான பெயரைக் கணினி மறுபடி ஏற்பதில்லை. குடியிருப்புப் பதிவேட்டில் இல்லாத பெயரும் செல்லாது; அதில் இருந்த பெயரெல்லாம் தீர்ந்தது. என் பெயரையே போட்டேன். வால்வு திறந்தது. அப்பாடா.

மார்ச் 19, காலை 7.40
சனியன். என் கடவுச்சொல் செல்லவில்லை. உள்நோயாளி பணியில் இருக்கக் கூடாதாம். வெளிக்கதவும் பணியாளருக்குத்தான் திறக்கும். பூமியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அதிகாரி பொறுமையாகப் பதில் சொன்னார்: "பேஷன்ட் சொல்றத நாங்க எடுத்துக்க முடியாதும்மா. ட்யூட்டி நர்ஸைப் பேசச் சொல்லுங்க."

மார்ச் 20, காலை 7.00
வால்வு மூடிவிட்டது. திரையில்: "வாழ்த்துகள், ஜெபக்கனி. நீங்கள் குணமடைந்துவிட்டீர்கள். ஒரு வார ஓய்வுக்குப் பின் பணிக்குத் திரும்பலாம்."

ஆம்பு பையைக் கையால் அழுத்தி அவருக்கு மூச்சு கொடுக்கிறேன். பதிவு இனி குரலில்தான். மாசிலாமணி என்னையே பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 20, மாலை
கை மாற்றினேன். இந்தக் கையும் மரத்துவிட்டது. துறையின் செய்தி ஒன்று வந்து நிற்கிறது: "வார்டில் நோயாளி இல்லை. பணியாளர் இல்லை. சிக்கனம் கருதிக் காற்று நிறுத்தப்படுகிறது."

மேலே விசிறி நிற்கிற சத்தம் கேட்கிறது.

இல்லைய்யா. ரெண்டு பேர் இருக்கோம். உள்ளே ரெண்டு பேர் இருக்